மேலகரம் கவிராயரும் ஒரே பொருளை எழுதி வாழ்ந்த மரபும்

மேலகரம், தென்காசி மாவட்டத்தில் தென்காசி நகருக்கும் குற்றாலத்துக்கும் இடையில் உள்ள பேரூர். சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து அருவிக்குப் போகும் வண்டிகள் இந்த ஊரைத் தொட்டுத்தான் செல்கின்றன. பெரும்பாலோர் இங்கே இறங்குவதில்லை. தமிழ் இலக்கிய வரலாற்றில் இந்த ஊரின் பெயர் நிலைத்ததற்குக் காரணம், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர். திருக்குற்றாலக் குறவஞ்சியின் ஆசிரியர் அவர்.

குறுகிய ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு, அதைப் பற்றியே தொடர்ந்து எழுதி, படிப்பவரை ஓர் இடத்துக்கோ ஒரு கடைக்கோ அனுப்பிவைத்து, அதில் கிடைக்கும் பங்கில் வாழ்வதை இன்று 'அஃபிலியேட்' எழுத்து என்கிறார்கள். பெயர் புதிது. பிறருடைய பொருளைப் பற்றி எழுதி வயிறு வளர்ப்பது தமிழில் பழைய தொழில். சங்க காலத்து ஆற்றுப்படையில், பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் வறிய பாணனிடம் வள்ளலின் பெயரைச் சொல்லி, அவன் ஊருக்கு வழியும் சொல்லி அனுப்புவான். வழி சொன்னதற்காக அவனுக்குத் தனியாகக் கூலி இல்லை என்பதே வேறுபாடு. ஓர் எழுத்தாளர் ஓர் இடத்தையே தன் வாழ்நாள் பொருளாக எடுத்துக்கொண்டதற்குத் தெளிவான சான்று மேலகரத்தில் கிடைப்பதால், இக்கட்டுரை அங்கிருந்து தொடங்குகிறது.

ஒரு தலம், பதினான்கு நூல்கள்

கவிராயர் குற்றாலநாதர் கோயிலோடு தொடர்புடைய வித்துவான். அவர் பெயரில் பதினான்கு நூல்கள் சொல்லப்படுகின்றன. திருக்குற்றாலத் தலபுராணம், திருக்குற்றால மாலை, திருக்குற்றாலச் சிலேடை வெண்பா, திருக்குற்றால யமக அந்தாதி, திருக்குற்றால உலா, திருக்குற்றாலக் கோவை, பிள்ளைத்தமிழ் என்று பட்டியல் நீள்கிறது. அம்மன் குழல்வாய்மொழியின் பெயரில் ஒரு கலிப்பாவும் உண்டு. ஏறக்குறைய எல்லாமே குற்றாலத்தைப் பற்றியவை. ஒரு மலை, ஓர் அருவி, ஒரு கோயில், அங்குள்ள குறும்பலா மரம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஒருவர் இத்தனை நூல் எழுதியிருக்கிறார்.

சொன்னதையே திரும்பச் சொல்லி அலுப்பூட்டவில்லையா என்ற கேள்வி எழலாம். நூல்களின் வகைகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். யமக அந்தாதியும் சிலேடை வெண்பாவும் இலக்கணம் கற்ற புலவர்களுக்கானவை. ஒரே சொல்லைப் பல பொருளில் மடக்கிக் காட்டும் வித்தை அவற்றில் முதன்மை பெறும். தலபுராணம் கோயிலில் உட்கார்ந்து பொருள் சொல்லக் கேட்போருக்கானது. இந்தத் தீர்த்தத்தில் ஏன் குளிக்க வேண்டும், இந்தச் சன்னதியில் யார் என்ன வரம் பெற்றார் என்ற செய்திகளை அது தரும். உலா வீதியில் சுவாமி எழுந்தருளும் காட்சி. குறவஞ்சியோ ஆடலும் பாடலும் சேர்ந்த நாடகம். எழுத்துத் தெரியாதவரும் நின்று பார்க்கலாம். பொருள் ஒன்றாக இருந்தாலும் கேட்பவர் மாறுகிறார், அவருக்கேற்ப வடிவமும் மாறுகிறது. இன்று ஒரு துறையைப் பற்றி எழுதத் தொடங்குபவர் முதலில் கற்க வேண்டிய பாடமாக இதைச் சொல்லலாம். நீண்ட விளக்கம் வேண்டுபவர் வேறு, இரண்டு வரியில் விடை வேண்டுபவர் வேறு.

கவிராயருக்கு முன்பே குற்றாலம் பாடப்பட்ட தலம். திருஞானசம்பந்தர் திருக்குற்றாலத்துக்கு ஒன்றும் திருக்குறும்பலாவுக்கு ஒன்றுமாக இரண்டு பதிகங்கள் பாடியுள்ளார். ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை இங்கே இருக்கிறது. பொருள் புதிதில்லை என்று கவிராயர் ஒதுங்கியிருக்கலாம். அவர் உள்ளூர்க்காரராக இருந்ததுதான் பயன்பட்டது. மலையில் எந்தக் காலத்தில் என்ன பழுக்கும், அருவி எப்போது பொங்கும், எந்த வயலில் எந்தப் பறவை இறங்கும், எந்தக் குளத்துப் பாய்ச்சல் யாருடைய கட்டளைக்கு உரியது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. குறவஞ்சியில் பறவைகள் மேயும் வயல்களைச் சொல்லும் பகுதியில் ஊர் நிலங்களும் கோயிலுக்குக் கட்டளை வைத்தவர்களும் பெயரோடு வருவார்கள். வெளியூர்ப் புலவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இதை எழுதியிருக்க முடியாது. அந்தப் பெயர்களைச் சேர்த்ததில் நன்றியும் உண்டு, கணக்கும் உண்டு என்றே நான் நினைக்கிறேன். தன் பெயர் நாடகத்தில் ஒலிப்பதைக் கேட்கும் கட்டளைக்காரர் அடுத்த ஆண்டும் அதை ஆட வைப்பார் அல்லவா?

பதினான்கில் இன்று பொது வாசகர் அறிந்தது குறவஞ்சி ஒன்றே. மலைவளம் பாடும் பகுதியும் சிங்கன் சிங்கி உரையாடலும் பள்ளிப் பாடநூல்கள் வழியாகப் பலருக்கும் அறிமுகம். 1944இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவில் இதை நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். புலமையைக் காட்ட எழுதிய நூல்கள் ஏட்டிலும் நூலகத்திலும் தங்கிவிட்டன. தெருவில் நின்று பார்ப்பவருக்காக எழுதியது மட்டும் இரு நூற்றாண்டுகளைத் தாண்டி மேடை ஏறியது.

சிங்கி சொல்லும் கணக்கு

குறவஞ்சி என்பது ஒரு வார்ப்பு. தலைவன் உலா வருவான், தலைவி அவனைக் கண்டு காதல் கொள்வாள், குறத்தி வந்து தன் மலையின் வளத்தையும் தான் குறி சொன்ன ஊர்களையும் எடுத்துரைத்துக் கைபார்த்துக் குறி சொல்வாள், பரிசு பெறுவாள், அவளைத் தேடிக் குறவன் வருவான். ஊரையும் தெய்வத்தையும் மாற்றினால் புதிய நூல் தயார். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் பெயரில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி எழுதப்பட்டது. வேதநாயக சாஸ்திரியார் இதே வார்ப்பில் கிறித்தவப் பொருளை வைத்துப் பெத்தலகேம் குறவஞ்சி பாடினார். வார்ப்பு எல்லாருக்கும் பொது என்றால், ஒன்று நிற்பதும் மற்றொன்று மறைவதும் உள்ளே நிரப்பப்படும் சரக்கைப் பொறுத்தது.

குற்றாலக் குறவஞ்சியின் இறுதிப் பகுதி இக்கட்டுரைக்கு நேராகத் தொடர்புடையது. வசந்தவல்லிக்குக் குறி சொல்லிவிட்டு நகைகளோடு நிற்கிறாள் சிங்கி. நெடுநாள் தேடி வந்த சிங்கனுக்கு அவள் உடம்பில் கிடக்கும் அணிகள் விளங்கவில்லை. காலில் கிடப்பது பாம்பா என்று கேட்கிறான். இல்லை, சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். இப்படி ஒவ்வோர் அணிக்கும் ஒரு கேள்வி வருகிறது. ஒவ்வொன்றுக்கும் எந்த நாட்டில் யாரிடம் பெற்றது என்று விடையும் வருகிறது. நகைச்சுவைக் காட்சிதான். ஆனால் அடியில் ஓடுவது, சொன்ன நல்ல வார்த்தைக்கு உனக்கு என்ன கிடைத்தது, யார் கொடுத்தார் என்ற கேள்வி. சிங்கி எதையும் மறைப்பதில்லை. அதனால்தான் பூசல் கொஞ்சலாக முடிகிறது.

கவிராயருக்கும் கிடைத்தது. மதுரை நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் (ஆட்சிக்காலம் 1706–1732) இந்நூலுக்காக அவருக்கு நிலம் மானியமாக அளித்தார். அந்நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது. ஒரு நூலின் பெயரை ஒரு நன்செய் சுமந்திருப்பது தமிழில் அரிது. குற்றாலத்துக்கு வந்த ஒவ்வொரு யாத்திரிகருக்கும் இவ்வளவு என்று அவர் பங்கு வாங்கவில்லை. ஆகவே இன்றைய தரகு முறையோடு இதை முழுமையாக ஒப்பிட முடியாது. கொடுத்தவர் யார் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது என்ற அளவில், மறைவுக்கு இடமில்லாத வருமானம் அது.

மேலகரத்தின் மற்றொருவர்

அடுத்த நூற்றாண்டில் இதே ஊரில் பிறந்த ஒருவர் எழுதுபவராக இல்லாமல் எழுதுவிப்பவராகப் புகழ் பெற்றார். அவர் திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவராக 1869 முதல் 1888 வரை இருந்த மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) ஆதீன வித்துவானாக அவர் காலத்தில் விளங்கினார். உ. வே. சாமிநாதையர் பிள்ளையவர்களிடமும் பின்னர் தேசிகரிடமும் பாடம் கேட்டார். 1880இல் கும்பகோணம் கல்லூரிப் பணிக்கு அவர் சென்றதும் தேசிகரின் இசைவோடுதான்.

பிள்ளையவர்களின் தொழிலை இங்கே சற்று விரிவாகப் பார்ப்பது தகும். ஓர் ஊராருக்குத் தம் கோயிலுக்கு ஒரு புராணம் வேண்டும் என்று தோன்றும். ஊர்ப் பெரியவர்கள் கூடி அவரை அழைப்பார்கள். தலத்தின் வடமொழி மாகாத்மியத்தைத் தமிழ் உரைநடையில் பெயர்த்து வைத்துக்கொள்வார்கள். அவர் தலத்துக்கே போய்த் தங்கி, இடங்களைப் பார்த்து, பாடல்களை வாயால் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதுவார். பகுதி பகுதியாக அரங்கேற்றம் நடக்கும். முடிவில் சம்மானம். குடந்தை, நாகை, உறையூர், மாயூரம், திருப்பெருந்துறை என அவர் பாடிய தலபுராணங்கள் இருபதுக்கும் மேல்.

நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தொடங்கும் இந்தப் புராணங்களுக்கும் வார்ப்பு உண்டு. எல்லா நாட்டிலும் ஆறு பாயும், வாளை துள்ளும், சோலையில் மயில் ஆடும். படித்துச் சலித்தவர் உண்டு. இந்த நூல்களில் பெரும்பாலானவற்றை இன்று அந்தந்த ஊராரே படிப்பதில்லை. சம்மானத்தின் கதியும் பெருமைப்படும்படி இல்லை. கிடைத்த பணம் மாணவர் சாப்பாட்டுக்கும் குடும்பச் செலவுக்கும் போக, பிள்ளையவர்கள் கடனோடே காலம் தள்ளினார் என்பதை உ. வே. சா. மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். நாட்டிலேயே முதல் வரிசைப் புலவர், ஓயாமல் வேலை, கையில் மிச்சம் இல்லை. எழுத்துக்கு ஒருமுறை கூலி பெறும் முறையின் பலவீனம் இது. நூல் பிறகு எத்தனை பேரைத் தலத்துக்கு அழைத்து வந்தாலும் எழுதியவருக்கு அதில் பங்கு கிடையாது. கவிராயருக்குக் கிடைத்ததோ ஆண்டுதோறும் விளையும் நிலம்.

அச்சும் வி.பி.பி.யும்

அச்சு பரவியபின் புரவலர் ஒருவரிடமிருந்து பலராக ஆனார். நூல் வெளிவருமுன் கையொப்பக்காரர்களிடம் பணம் திரட்டி அச்சிடுவது வழக்கமாயிற்று. 1887இல் உ. வே. சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கையொப்பக்காரர் பலரின் உதவி அவருக்குத் தேவைப்பட்டது.

வணிகப் பக்கம் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது அஞ்சல் துறை. 1877இல் இந்தியாவில் வி.பி.பி. முறை தொடங்கியது. பொருளை அஞ்சலில் அனுப்பலாம், பெறுபவர் தபால்காரரிடம் பணம் கொடுப்பார், பணம் விற்றவருக்கு வந்து சேரும். சென்னையில் இருக்கும் கடைக்காரர் தென்காசியில் இருப்பவருக்கு முகம் பாராமலே விற்கலாம் என்றானதும் அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: தென்காசிக்காரர் அந்தப் பொருளைப் பற்றிப் படிக்க வேண்டும். பஞ்சாங்கத்தின் பின்பக்கங்கள், மாத இதழ்களின் விளம்பரப் பக்கங்கள், இலவச கேட்டலாக்குகள் எல்லாம் இந்தத் தேவையால் பெருகின.

எஸ். எஸ். வாசனின் தொடக்கம் இந்த உலகத்தில்தான். இளம் வயதில் அவர் இதழ்களுக்கு விளம்பரம் சேர்த்துக் கொடுத்துக் கமிஷன் பெற்றார். அஞ்சல் வழி வணிகமும் நடத்தினார். அதாவது, வாசகருக்கும் கடைக்கும் நடுவில் நின்று பங்கு பெறும் வேலை. பூதூர் வைத்தியநாதையர் 1926இல் தொடங்கிய ஆனந்த விகடன் தள்ளாடியபோது, 1928இல் வாசன் அதை வாங்கினார். 200 ரூபாய்க்கு வாங்கினார் என்று சொல்வார்கள். பிறகு நகைச்சுவை, தொடர்கதை, குறுக்கெழுத்துப் போட்டி என்று இதழ் வளர்ந்தது. அவர் எழுதிய சதிலீலாவதி என்ற தொடர்கதை 1936இல் திரைப்படமாகவும் வந்தது. விளம்பரம் தேடி அலைந்த ஒருவர், விளம்பரத்தைத் தாங்கி நிற்கும் இதழ் படிக்கத் தகுந்ததாக இருந்தால்தான் விளம்பரம் பலிக்கும் என்று கண்டுகொண்டது இந்த வரலாற்றில் முக்கியமான திருப்பம். நடுவில் நிற்பவரின் முதல், வாசகர் அவர்மீது வைத்திருக்கும் விருப்பம். கடை மாறலாம், பொருள் மாறலாம். அது போனால் கடைக்காரருக்கு அவர் தேவையில்லை.

மறுபக்கமும் இதே காலத்தில் வளர்ந்தது. தாது புஷ்டி லேகியம், மோகினி மை, ஒரே வாரத்தில் நரை மாற்றும் தைலம் என்று இதழ்ப் பக்கங்கள் நிரம்பின. வாங்கி ஏமாந்தவர் வெட்கத்தால் வெளியே சொல்லவில்லை. கடைசியில் நாடாளுமன்றம் 1954இல் மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தை இயற்றியது. எந்தெந்த நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாது என்ற பட்டியல் அதில் இணைக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் பெண்களின் மலட்டுத்தன்மையும் உண்டு. குற்றாலத்தைப் பற்றி எழுதுபவருக்கு இது தேவைப்படும் செய்தி, பின்னர் வருகிறது.

இணையத்தில்

1996 ஜூலையில் அமேசான் நிறுவனம் தன் அசோசியேட்ஸ் திட்டத்தைத் தொடங்கியது. ஒருவர் தன் இணையப் பக்கத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதி, தனக்கென்று கொடுக்கப்பட்ட குறியீட்டோடு கடையின் இணைப்பைச் சேர்த்துவிடுவார். அதை அழுத்திச் சென்று வாங்குபவரின் தொகையில் ஒரு பங்கு எழுதியவருக்கு வரும். யார் அனுப்பியது என்பதைக் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். வாசன் விளம்பரம் சேர்த்த காலத்தில் எந்த இதழைப் பார்த்து எவர் வாங்கினார் என்பதைக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. இங்கே ஒவ்வொரு விற்பனைக்கும் கணக்கு உண்டு. அமேசான் இந்தியாவுக்கு 2013 ஜூனில் வந்தது.

தமிழில் இது தாமதமாகவே நடந்தது. தமிழ் வலைப்பதிவுகள் 2003 வாக்கில் தோன்றின. அவற்றைத் திரட்டித் தந்த தமிழ்மணத்தை 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கினார். கூகுள் நிறுவனத்தின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் 2003இல் வந்தபோதும் அது ஏற்றுக்கொண்ட மொழிகளில் தமிழ் இல்லை. 2018 பிப்ரவரியில்தான் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட சுமார் பதினைந்து ஆண்டுகள் தமிழில் இணையத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் காசு பார்க்காமல் எழுதினார்கள். அக்காலத்து எழுத்தில் சண்டையும் கும்மியும் நிறைய உண்டு. கூடவே, சொந்த ஊர் நினைவு, பயணக் குறிப்பு, சமையல், கணினிக் குறிப்பு என்று கையில் இருந்ததை எழுதியதால் ஒரு நேர்மையும் இருந்தது. பணம் வரத் தொடங்கிய பிறகு எண்ணிக்கை பெருகியது. ஒரே கட்டுரையை நாலு இடத்தில் வெட்டி ஒட்டுவதும், வெந்தயம் முதல் வெண்டைக்காய் வரை எல்லா நோய்க்கும் மருந்து சொல்வதும் பெருகின. லேகிய விளம்பரங்களின் பேரப்பிள்ளைகள்.

தேடுபொறிகள் இதை எதிர்த்துப் பலமுறை விதிகளை மாற்றின. சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளும் பாண்டா என்ற மாற்றத்தைக் கூகுள் 2011 பிப்ரவரியில் செய்தது. 2021 ஏப்ரலில் பொருள் மதிப்புரைகளுக்கென்றும், 2022 ஆகஸ்டில் படிப்பவருக்குப் பயன்படும் எழுத்தை முன்னிறுத்தவென்றும் மாற்றங்கள் வந்தன. எழுதுபவர் பொருளைத் தானே கையாண்டு பார்த்தாரா, வேறு இடத்தில் கிடைக்காத செய்தி உண்டா என்பவை மதிப்புரைகளுக்கு அளவுகோலாகச் சொல்லப்பட்டன. தலத்துக்கே போய்த் தங்கி இடத்தைப் பார்த்துவிட்டுப் பாடிய மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு இது புதிய விதியாகத் தோன்றியிருக்காது.

சிங்கனின் கேள்வியும் சட்டமாயிற்று. இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் சமூக ஊடகங்களில் பரிந்துரை செய்வோருக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9 அன்று தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் பணமோ பொருளோ வேறு உறவோ இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது சாரம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொய்யான விளம்பரத்துக்குத் துணைபோகும் பரிந்துரையாளருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு. திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. கமிஷன் வாங்குகிறேன் என்று ஒரு வரி எழுதினால் வாசகர் ஓடிவிடுவார் என்ற அச்சம் புதியவர்களிடம் இருக்கிறது. சொல்லாமல் விட்டுப் பிறகு தெரிந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

இன்று குற்றாலத்தை எழுதுதல்

மேலகரத்தில் இருந்துகொண்டு ஒருவர் இன்று குற்றாலத்தைத் தன் பொருளாக எடுத்துக்கொண்டால் என்ன எழுதுவார்? கணினித் தொழில் இந்தப் பக்கத்துக்குப் புதிதன்று. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011இல் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. அதன் ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் அங்கே உருவானது. இணைய வசதியோ திறமையோ தடை இல்லை. எழுதும் சரக்குதான் கேள்வி.

சரக்கு ஊரைச் சுற்றியே கிடக்கிறது. பேரருவி, சிற்றருவி, செண்பகாதேவி, தேனருவி, ஐந்தருவி, புலியருவி, பழத்தோட்ட அருவி, பழைய குற்றாலம் ஒவ்வொன்றும் ஒரு விதம். எதில் குழந்தைகளோடு நிற்கலாம், எதற்கு நடந்து ஏற வேண்டும், எதற்கு அனுமதி இல்லை என்பது முதன்முறை வருபவருக்குத் தெரியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழைச் சாரல். அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவமழையில் வரும் தண்ணீர் வேறு குணம் உள்ளது, திடீரென்று பெருகும். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் வரும் மாதங்கள், தேன் வாங்கும்போது பார்க்க வேண்டியவை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பவருக்கான முறைகள் என்று எழுத இடம் உண்டு. தங்கும் அறை, பயணப் பை, மழைக்கோட்டு, வழுக்காத செருப்பு ஆகியவற்றுக்கு இணைப்புக் கொடுத்தால் பங்கும் வரும். பருவம் மூன்று மாதம் என்பதால் வருமானமும் மூன்று மாதம். மீதி ஒன்பது மாதத்துக்குத் தென்காசி காசி விசுவநாதர் கோயில், சித்திர சபை ஓவியங்கள், குறவஞ்சி என்று பொருளை அகட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். கவிராயரும் ஒரே வகை நூலோடு நிற்கவில்லை.

துரியன் பழம் ஒரு சோதனை. குழந்தையில்லாதவர்கள் அதைத் தேடிக் குற்றாலம் வருவது பல ஆண்டு வழக்கம்; விலையும் அதற்கேற்ப ஏறும். அந்த நம்பிக்கையை நம்பிக்கை என்று எழுதலாம். சாப்பிட்டால் கருத்தரிக்கும் என்று உறுதி சொல்லி எழுதுவதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. அதே உறுதியை ஒரு லேகியத்துக்கோ சூரணத்துக்கோ சொல்லி விற்பனை இணைப்பும் கொடுத்தால் 1954ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். இந்த ஒரு தலைப்பில்தான் தேடி வருபவர் அதிகம், இணைப்பை அழுத்துபவரும் அதிகம். எழுதுபவருக்கு ஆசை காட்டும் இடமும் இதுவே. படிக்கிறவர் யார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தால் போதும்: பல ஆண்டு மருத்துவமனைகளுக்கு அலைந்து, கடைசியாகக் கைபேசியில் தேடும் ஒரு பெண்.

இதைவிட உடனடியான அபாயம் தண்ணீர். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று பாய்ந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். சாரல் பருவம் தொடங்கியிராத நேரம் அது. கோடை மழை மலையில் பெய்திருந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா, குளிக்க விடுகிறார்களா என்பதுதான் இந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி. அதற்குப் பல பக்கங்களில் போன ஆண்டுப் படத்தைப் போட்டு, இன்றைய தேதியை மேலே எழுதி, கீழே விடுதி இணைப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். மாவட்ட நிர்வாகம் தடை விதித்திருக்கும் நாளில் அந்தப் பக்கத்தை நம்பி மதுரையிலிருந்து குடும்பத்தோடு வருபவர் திரும்பிப் போக வேண்டியிருக்கும். தடை வராத நாளில் மலைமேல் மேகம் கறுத்திருப்பதை அந்தப் பக்கம் சொல்லாது. மேலகரத்துக்காரர் ஒருவர் மாடியில் நின்று மலையைப் பார்த்தாலே இதைச் சொல்ல முடியும். காலையில் பார்த்தது, மாலையில் பார்த்தது, காவலர் விட்டது, தடுத்தது என்று தேதியும் நேரமும் போட்டு நாள்தோறும் நாலு வரி எழுதுபவருக்கு அந்தப் பருவத்தில் போட்டியே இருக்காது. பொய்த் தேதி போடும் பக்கங்களை எழுதுகிறவர்கள் பலரும் அருவியை நேரில் பார்த்திராதவர்கள். அவர்களால் செய்ய முடியாத வேலை இது ஒன்றுதான்.